‘பால் வடியுற செடி வீட்டுக்கு ஆகாதா?’ - உத்தமபாளையத்தில் ஒரு ரப்பர் செடி பிழைத்த கதை!

“பாப்பா, உங்கப்பா செடியில இன்னைக்கும் ரெண்டு இலை விழுந்துருச்சு...”

சென்னையில் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். உத்தமபாளையத்திலிருந்து அம்மா. இதே செய்தியைச் சொல்ல அந்த மாதத்தில் அவர் போன் செய்தது அது நான்காவது முறை. “செடின்னா இலை விழத்தானேம்மா செய்யும்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றிரவு மறுபடி அழைத்தார். “பக்கத்து வீட்டு அத்தை சொல்றாங்க, பால் வடியுற செடிய வீட்டுக்குள்ள வைக்கவே கூடாதாம். அது வந்தப்புறம்தான உங்கப்பாவும் போனாரு. தூக்கிப் போட்டுறவா?”

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அப்பா பஸ் கண்டக்டர். பணி ஓய்வு பெற்ற வாரத்தில் தேனியில் ஒரு ரப்பர் செடியை வாங்கி, உத்தமபாளையம் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்தில் அவர் போய்விட்டார். ஒரு முழம் உயரத்தில் வந்த செடி, இப்போது என் தோளுக்கு நிற்கிறது. தூக்கிப் போடுவதென்றால் அது வெறும் செடியைத் தூக்கிப் போடுவது அல்ல என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்கு என்னதான் ஆனது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று, பங்குனி மாதத்தில் நான்கு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அந்த நான்கு நாளிலும், அதற்குப் பிறகான மூன்று மாதத்திலும் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டு ஹாலிலும் ஒரு ரப்பர் செடி இலை உதிர்த்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்கும் உதவும்.

ஹாலுக்குள் அடங்கி நிற்கும் ராட்சத மரம்!

நாம் ‘செடி’ என்று சொல்கிறோமே தவிர, இது மரம். அதுவும் காட்டில் 30 மீட்டருக்கு மேல் வளரும் மரம். தாவரவியல் பெயர் ஃபைகஸ் எலாஸ்டிகா. நம் ஊர் ஆலமரம், அரசமரம், அத்திமரம் எல்லாம் இதே ஃபைகஸ் இனத்தைச் சேர்ந்தவை. பலாவும், பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரியும் ஒன்றுவிட்ட சொந்தம். இலையைக் கிள்ளினால் ஆலிலையில் வருவதுபோலப் பால் வடிவது இதனால்தான்.

கன்னியாகுமரியிலும் கேரளாவிலும் ரப்பர் பால் எடுக்கிறார்களே, அது இந்த மரமா என்றால், இல்லை. அது பிரேசிலிலிருந்து வந்த ஹீவியா என்ற வேறு குடும்பத்து மரம். ஆனால், ஹீவியா இங்கே பரவுவதற்கு முன்பு, 19-ம் நூற்றாண்டில் அஸ்ஸாம் பகுதியில் நம் ஹால் செடியின் தாய் மரங்களிலிருந்துதான் ரப்பர் எடுத்தார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இதன் சொந்த ஊர் வடகிழக்கு இந்தியாவில் தொடங்கி மியான்மர், மலேசியா, இந்தோனேசியா வரை நீள்கிறது. மேகாலயாவில் காசி, ஜெயின்டியா பழங்குடி மக்கள் இந்த மரத்தின் வேர்களை ஓடைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டி வளர்த்து, உயிருள்ள பாலமாக்கி அதன்மீது நடக்கிறார்கள். ஒரு பாலம் உருவாகவே 15 முதல் 30 வருடங்கள் ஆகுமாம். நோங்ரியாட் கிராமத்தில் இரண்டு அடுக்குப் பாலம்கூட இருக்கிறது. 2022-ல் இந்த வேர்ப் பாலங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன.

ஆற்றுக்கே பாலம் போடும் வேர் அது. அதை ஒரு பத்து இன்ச் தொட்டிக்குள் வைத்துவிட்டு, நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கிறோம்.

“எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துறீங்க?”

தேனியில் நர்சரி வைத்திருக்கும் ஒருவரிடம் போனில் எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். இலையைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துறீங்க தங்கச்சி?”

அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். “தினமும்தான். காலையில மொதக் காபி உங்கப்பாவுக்குத்தான் போடுவேன். இப்ப அந்த நேரத்துல செடிக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டுத்தான் நான் காபி குடிக்கிறேன்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நர்சரி அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், “வேரு அழுகிருக்கும் தங்கச்சி. போயி தொட்டியக் கவுத்துப் பாருங்க.”

வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒன்றல்ல, மூன்று தவறுகள் தெரிந்தன.

முதல் தவறு, தினசரித் தண்ணீர். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, காற்றும் அவ்வளவு முக்கியம். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் அந்தக் காற்று இருக்கிறது. எந்நேரமும் தண்ணீர் தேங்கி நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தொட்டி நிறைய ஈரம் இருந்தும் இலை வாடும், மஞ்சளாகும், உதிரும். ‘அய்யோ வாடுதே’ என்று நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். அதோடு கதை முடிந்தது.

இரண்டாவது தவறு, தொட்டி. அப்பா வாங்கிவந்த பிளாஸ்டிக் தொட்டியை ஓர் அழகான வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தோம். பீங்கானின் அடியில் ஓட்டை கிடையாது. தூக்கிப் பார்த்தால், இரண்டு இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் கறுத்துப்போய் நின்றது. அந்தப் பீங்கான் தொட்டியை ஆன்லைனில் ஆர்டர் செய்து கொடுத்தது நான்தான்!

மூன்றாவது, இடம். அப்பா அதைக் கிழக்கு ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு, அவர் போட்டோவுக்குக் கீழே இருக்கட்டும் என்று ஹாலின் உள்மூலைக்கு மாற்றிவிட்டோம். பகலிலும் லைட் போட்டால்தான் அங்கே பேப்பர் படிக்க முடியும். வெளிச்சம் குறைந்தால் செடி சாப்பாடு தயாரிப்பது குறையும். தண்ணீர் குடிப்பதும் குறையும். மண் காயவே காயாது. மூன்று தவறுகளும் கைகோத்துக்கொண்டன.

வைத்தியம் இப்படித்தான் நடந்தது!

நர்சரி அண்ணன் சொன்ன வரிசையில் செய்தோம்.

தொட்டியைச் சாய்த்து, அடிப்பகுதியைத் தட்டி, செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்தோம். சாக்கடை வாடை வந்தது. நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ, பிடித்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, கொழகொழவென்று, உருவினால் தோல் கையோடு வரும். எங்கள் செடியில் ஏறக்குறைய பாதி வேர் அப்படித்தான் இருந்தது.

கத்தரிக்கோலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, கறுத்த வேர்களை மட்டும் வெட்டினோம். பால் வடியும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டோம். கையுறை இல்லாவிட்டால் பாலிதீன் கவரைக் கையில் சுற்றிக்கொள்ளலாம்.

பெரிய தொட்டிக்கு மாற்றினால் செடி சீக்கிரம் தேறும் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால், உறிஞ்ச ஆளில்லாமல் ஈரம் தங்கும். மீதமிருக்கும் வேர்க்கட்டிக்குச் சுற்றிலும் ஒரு இன்ச் இடைவெளி இருக்கும் மண் தொட்டியே போதும். அடியில் ஓட்டை கட்டாயம்.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. தென்னை நார்க்கழிவுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பஞ்சமில்லை. ஆனால், அதில் உப்பு இருக்கலாம். ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

நட்டு முடித்ததும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் வழிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பழையபடி கிழக்கு ஜன்னலுக்கே கொண்டுபோனோம். உரம், டானிக் எதுவும் போடவில்லை. “காய்ச்சக்காரனுக்குக் கறிச்சோறு போடுவீங்களா?” என்றார் அண்ணன். புது இலை வரும் வரைக்கும் உரத்தைத் தொடாதீர்கள் என்பது அவர் உத்தரவு.

தண்ணீர் எப்போது? விரல்தான் கடிகாரம்!

‘வாரத்துக்கு எத்தனை முறை?’ என்ற கேள்வியே தவறு. ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டையில் தண்ணீர் வழியும் வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்குவதை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதைவிட, காயவிட்டு முழுசாக ஊற்றுவதுதான் இந்த மரத்துக்குப் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் சித்திரை வெயிலில் வாரம் இரண்டு முறை தேவைப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் பத்து நாள்கூடத் தாங்கும். உங்கள் வீட்டு வெளிச்சம், தொட்டி, மண்ணைப் பொறுத்து இது மாறும். விரல் மட்டும்தான் பொய் சொல்லாது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இரண்டு எச்சரிக்கை

நம் பகுதிக்கென்று இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே மலைக்கு அந்தப்பக்கம் மழை கொட்டும். நமக்குச் சாரலும் பேய்க்காற்றும்தான் வரும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ‘க்ளைமேட் ஜில்லுன்னு இருக்கே’ என்று செடியை மொட்டைமாடியில் வைத்தால், பெரிய இலைகள் கிழியும், மண் ஒரே நாளில் காயும், தொட்டியே சாய்ந்துவிடும். அந்த மாதங்களில் செடி வீட்டுக்குள் இருப்பதே நல்லது. உள்ளேயும் ஃபேனுக்கு நேர் கீழேயோ, ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலோ வைக்காதீர்கள்.

இரண்டு, மேற்கு வெயில். மேற்கு ஜன்னலில் மூன்று மணி வெயில் நேரடியாக விழுந்தால் இலையில் பழுப்புத் தீக்காயம் வரும். மெல்லிய திரை ஒன்று போட்டால் போதும். கிழக்கு ஜன்னல் என்றால் கவலையே இல்லை, காலை வெயில் இதமானது. வெளிச்சம் போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்குமேல் ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். கையின் நிழல் ஓரளவு தெளிவாக விழுந்தால் வெளிச்சம் போதும். நிழலே தெரியவில்லை என்றால் அந்த மூலை செடிக்கு ஆகாது. இலையில் வெள்ளை, பிங்க் திட்டுகள் இருக்கும் ரகங்களுக்கு, பச்சை ரகத்தைவிட வெளிச்சம் கூடுதலாகத் தேவை.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*நர்சரியிலிருந்து வந்த வாரத்திலேயே இலை உதிர்கிறதே?*
பயப்பட வேண்டாம். நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியம் போன்ற ஊர்களில் நிழல்வலைக்குள் வளர்ந்து, லாரியில் வருபவை. இடம் மாறிய அதிர்ச்சியில் சில கீழ் இலைகளை உதிர்க்கும். ஒரே இடத்தில் வைத்து, மாற்றி மாற்றித் தூக்காமல் இருந்தால் சில வாரங்களில் சரியாகும். புது இலையும் சேர்ந்து உதிர்ந்தால்தான் வேரைச் சந்தேகப்பட வேண்டும்.

*இலை பளபளக்க தேங்காய் எண்ணெய் தடவலாமா?*
வேண்டாம். எண்ணெய் இலையின் மூச்சுத்துளைகளை அடைக்கும், தூசியையும் ஒட்டவைக்கும். ஈரத்துணியால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபக்கமும் துடைத்தாலே மின்னும்.

*இலைக்காம்பில் பஞ்சுபோல வெள்ளையாக இருக்கிறதே?*
மாவுப்பூச்சி. ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் மட்டும் அடித்துப் பார்த்து, மறுநாள் கருகவில்லை என்றால் மற்றவற்றுக்கு அடிக்கலாம். வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் தொடருங்கள்.

*ஓர் இலையைத் தண்ணீரில் போட்டால் புதுச்செடி வருமா?*
வேர் வரும், ஆனால் செடி வராது. இலை மட்டும் வருடக்கணக்கில் அப்படியே இருக்கலாம். புதுத் துளிர் வர கணுவோடு சேர்ந்த தண்டுத்துண்டு வேண்டும். உயரமாகிவிட்ட செடிக்கு விண்பதியம் சிறந்த வழி. தண்டில் ஒரு இன்ச் அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்து, பாலிதீன் தாளால் இறுக்கிக் கட்டினால் சில வாரங்களில் வேர் விடும். வேருக்குக் கீழே வெட்டி நட்டுக்கொள்ளலாம். வெட்டிய தாய்ச்செடியும் பக்கக்கிளை விடும்.

*விதை போட்டு வளர்க்க முடியாதா?*
அத்தி இனங்களில் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே ஒரு குட்டிக் குளவி உண்டு. அது உள்ளே நுழைந்து மகரந்தச்சேர்க்கை செய்தால்தான் விதை. வீட்டு ஹாலுக்கு அந்தக் குளவி வராது. அதனால் பதியமும் தண்டும்தான் வழி.

*தொட்டியில் கஷ்டப்படுகிறதே, வாசலில் நட்டுவிடலாமா?*
வீட்டுச் சுவரிலும் கிணற்றிலும் முளைத்த அரசங்கன்று என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். இதுவும் அதே சாதி. சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நடவே நடாதீர்கள். தோட்டம் இருந்தால் கட்டடத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி நடலாம்.

*வீட்டுக் காற்றைச் சுத்தமாக்குமாமே?*
1989-ல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பல ஆய்வுகளை மொத்தமாக அலசிவிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வைத்தால்தான் ஜன்னல் காற்றோட்டத்துக்கு ஈடாகும் என்றார்கள். ஆக, சுத்தமான காற்று வேண்டுமா... ஜன்னலைத் திறங்கள். செடியை, பார்க்கப் பிடித்திருக்கிறது என்பதற்காக வளருங்கள்.

சரி, பால் வடியும் செடி ஆகாதா?

பக்கத்து வீட்டு அத்தை சொன்னதை நான் சிரித்து ஒதுக்கவில்லை. ரப்பர் செடியின் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். கண்ணில் பட்டால் எரியும். இலையைக் கடித்தால் குழந்தைகளுக்கு வாயில் எரிச்சல், நாய் பூனைகளுக்கு வாந்தி வரலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பால் வடியும் செடியை வைக்காதே என்று யாரோ ஒரு பாட்டி சொன்னது, காலப்போக்கில் ‘ஆகாது’ என்று சுருங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சின்னக் குழந்தைகள் இருந்தால் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெட்டினால் உடனே கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வந்தது மாரடைப்பு. பத்து வருடமாக சுகருக்கு மாத்திரை சாப்பிட்டவர், கடைசி இரண்டு வருடம் ஒழுங்காக செக்கப் போகவில்லை. அதற்கும் ஹாலில் நின்ற செடிக்கும் சம்பந்தமில்லை. இதை அம்மாவிடம் நான் சொன்னபோது அவர் பதிலே பேசவில்லை. ஆனால், அடுத்த நாள் அவரே கேட்டார், “அப்ப நான் ஊத்துன தண்ணிதான் அதக் கொன்னுச்சா?”

“சாகலம்மா. இன்னும் உசுரு இருக்கு” என்றேன். அந்த நேரத்தில் எனக்கே அது உறுதியாகத் தெரியாது.

வைகாசியில் வந்த வீடியோ கால்

சித்திரை முழுக்க எதுவும் நடக்கவில்லை. இன்னும் மூன்று இலைகள் விழுந்தன. ‘வேரை வெட்டின பிறகு அது சகஜம், தண்டைக் கிள்ளிப் பாருங்க’ என்றார் நர்சரி அண்ணன். நகத்தால் லேசாகக் கீறியபோது உள்ளே பச்சை இருந்தது, பால் கசிந்தது. பால் வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பாலுக்காகத் தூக்கிப் போட நினைத்தோமோ, அதே பால்தான் நம்பிக்கை கொடுத்தது.

வைகாசி பிறந்த பிறகு ஒருநாள் காலையில் வீடியோ கால். அம்மா கேமராவைச் செடியின் நுனிக்குக் கொண்டுபோனார். மிளகாய்ப்பழ நிறத்தில், கூர்மையாக ஒரு குருத்து. ரப்பர் செடியில் புது இலை அப்படித்தான் வரும், சிவப்பு உறைக்குள் சுருண்டு. இலை விரிந்ததும் உறை தானாகக் காய்ந்து விழுந்துவிடும்.

“பூவாடி பாப்பா இது?” என்று கேட்டார் அம்மா.

“இல்லம்மா, புது இலை.”

இப்போது ஆறு புது இலைகள் விட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தேறியதும் நுனியில் ஒரு விண்பதியம் கட்டி, சென்னைக்கு ஒரு கன்று கொண்டுவர எண்ணம். அப்பாவைப்போல பஸ்ஸில் மடியில் வைத்துத்தான்.

அம்மாவின் காலை வழக்கம் மட்டும் மாறவில்லை. காபி போட்டதும் செடிக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார். சொம்புக்குப் பதிலாக இப்போது விரல். நேற்றும் போனில் முதல் வார்த்தை அதுதான்: “தொட்டுப் பார்த்தேன் பாப்பா, ஈரமாத்தான் இருக்கு. இன்னைக்கு ஊத்தல.”